மூணாம் திருப்புதல்

திருப்புதல் தேர்வுப் பேப்பருங்களா டீச்சர்? இல்ல, மடியில இருக்கிற கட்டு மேல ‘பத்து ஆ, அறிவியல்’னு எழுதியிருந்துச்சு, அதான் கேட்டேன். நீங்க பாட்டுக்குத் திருத்துங்க. நான் இந்தப் பக்கமா ஒதுங்கிக்கிறேன். இந்தக் குலுக்கல்ல எப்படித்தான் கோடு கோணாம மார்க் போடுறீங்களோ.

எங்க இறங்குறீங்க? ஆண்டிபட்டியா. நான் தேனி வரைக்கும். சொந்த ஊரு உசிலம்பட்டிக்குப் பக்கம்தான். ஆனா இன்னைக்கு அங்க இறங்க மாட்டேன். மாசத்துல ஒருநாள் என் ஊரைத் தாண்டிப் போறேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் டீச்சர். நீங்க படிச்சவுக, நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவுக. ஒரு பொண்ணு பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிக்கிறா. புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவ அவ அம்மா, எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சவ. அந்தப் பாடத்துல சொல்லியிருக்கிறது அந்தப் பொண்ணு உடம்புக்குள்ளயே நடக்குதுன்னு வைங்க. அது யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்? ஒப்பிச்சவளுக்கா, கேட்டுக்கிட்டு இருந்தவளுக்கா?

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இப்படிக் கேட்டா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

எனக்கு ஒரே பொண்ணு. முத்துஹரிணி. முத்துங்கிறது எங்க மாமனாரு பேரு, ஹரிணிங்கிறது அவ அப்பா ஆசைப்பட்டு வச்சது. அவரு தவசி, விஜயவாடாவுல முறுக்குக் கம்பெனியில இருக்காரு. எங்க ஊர்ல பாதி ஆம்பளைக அங்கதான். வருசத்துல பொங்கலுக்கு ஒருக்கா, திருவிழாவுக்கு ஒருக்கா வருவாரு. நான் வீட்டுல நைட்டி தைக்கிறேன். வெட்டுன துணியைக் கம்பெனிக்காரங்க கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க, மூட்டி வச்சா வந்து எடுத்துக்குவாங்க. ஆகக்கூடி வீட்டுல நாங்க ரெண்டு பேரும், ஒரு மெஷினும்.

ஹரிணி நல்லாப் படிக்கிற பொண்ணுதான். கணக்கு தண்ணி பட்ட பாடு. அறிவியல்லதான் இடிக்கும். அதுலயும் இயற்பியல், வேதியியல் எல்லாம் பரவாயில்லை, உயிரியல்தான் வாயில நுழையாது. போன வருசம் அரையாண்டுல எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல, அறிவியல்ல மட்டும் ஐம்பத்தெட்டு. அவ பள்ளிக்கூடத்து மெர்சி டீச்சரு என்னையக் கூப்பிட்டுச் சொன்னாங்க. “ஒச்சம்மாக்கா, புத்தகத்தை அப்படியே மனப்பாடம் பண்ண வைங்க. பதினொண்ணாப்புல முதல் குரூப் வேணும்னா இந்த மார்க் பத்தாது.”

முதல் குரூப் நான் கேட்டதுதான். அவ கேக்கல. அவளுக்குக் கணக்குப் பதிவியல் படிக்கணும், பேங்க்ல உக்காரணும்னு ஆசை. நான்தான் நர்சுக்குப் படிடின்னேன். வெள்ளை உடுப்புப் போட்டு, நாலு பேரு ‘சிஸ்டர்’னு கூப்பிட்டா நமக்கும் ஒரு மதிப்புத்தானே. நான் தப்பாச் சொல்லிட்டேனா?

பொங்கல் கழிஞ்சதும் ஆரம்பிச்சோம். நான் மெஷின்ல உக்காந்திருப்பேன். புத்தகம் மெஷின் பலகை மேல விரிஞ்சு கெடக்கும். அவ எதுத்தாப்புல நின்னுக்கிட்டு ஒப்பிப்பா. ஒரு கை துணியைத் தள்ளும், இன்னொரு கை விரல் புத்தகத்துல வரி வரியா ஓடும். சரியாச் சொன்னா வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு டிக். வார்த்தை மாறுச்சுன்னா மெஷினை நிறுத்திருவேன். சத்தம் நின்னாலே அவளுக்குத் தெரிஞ்சிரும், மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பா. எனக்கு அர்த்தம் தெரியாது டீச்சர். ஆனா எழுத்துத் தெரியும்ல. நியூரான், நெப்ரான், குரோமோசோம், எல்லாம் எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பார்த்து எனக்கே பாடம் ஆயிருச்சு.

முதல் திருப்புதல்ல எழுபத்தொண்ணு எடுத்தா. ரெண்டாம் திருப்புதல்ல எண்பத்திநாலு. மெர்சி டீச்சரு வகுப்புல கை தட்டச் சொன்னாங்களாம். எண்பத்திநாலு டீச்சர்! நான் எட்டாப்புப் படிச்சவ.

அந்த நேரத்துலதான் அவ தண்ணி குடிக்க ஆரம்பிச்சா.

ஒரு பாராவுக்கு ஒருக்கா தண்ணி. தண்ணி குடிச்ச அஞ்சாவது நிமிசம் கொல்லைக்கு ஒரு ஓட்டம். வந்து நின்னா திரும்பத் தண்ணி. வெயில் காலம் கூட இன்னும் வரலை, மாசிதான். படிப்புல இருந்து தப்பிக்கிறதுக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க? நான் சின்னப் பொண்ணா இருக்கையில நானும் களையெடுக்கப் போனா இதைத்தான் செய்வேன். தண்ணி குடிக்கப் போறேன்னுட்டு வரப்புல போய் நிப்பேன். அது எனக்குத் தெரியாதா?

அதனால ஒரு சட்டம் போட்டேன். ஒரு பாடம் முடிஞ்சாத்தான் ஒரு டம்ளர் தண்ணி. ஒண்ணுக்குப் போகணும்னா அதுவும் பாடம் முடிஞ்சுதான். குடத்தை அடுப்படிக்குள்ள தூக்கி வச்சேன். அவ ஒண்ணும் எதுத்துப் பேசல. அப்படிப்பட்ட பொண்ணு. காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நின்னு ஒப்பிப்பா.

ஒரு நாள் சாயங்காலம் குளிக்கப் போனவளைக் காணோமேன்னு போய்ப் பார்த்தேன். குளிக்கிற வாளியில இருந்து மோந்து மோந்து குடிச்சுக்கிட்டு நிக்கிறா. உப்புத் தண்ணி டீச்சர், வாயில வைக்க முடியாது. எனக்கு வந்துச்சே ஆத்திரம். ஒரு அடி. ஒரே ஒரு அடி, முதுகுல. அதுக்கு மேல நான் கை வச்சதில்லை. வேணும்னா அவளையே கேளுங்க.

சாப்பாடு நல்லாச் சாப்பிட்டா. அதுதான் என்னைய ஏமாத்திருச்சு. ரெண்டு இட்லி தின்னவ ஏழு எட்டுன்னு தின்னா. எனக்கு மனசு குளுந்துபோச்சு. ஆனா உடம்பு பிடிக்கல. யூனிபார்ம், வீட்டுச் சுடிதார் எல்லாம் தொளதொளன்னு தொங்குச்சு. நானே டேப் வச்சு அளந்து, ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சு பிடிச்சுத் தச்சுக் கொடுத்தேன். மூணு வாரம் கழிச்சு மறுபடியும் தொங்குது. மறுபடியும் பிடிச்சேன். டேப்பைச் சுத்தி எடுக்கையில, “என்னடி, தேஞ்சு போய்க்கிட்டே இருக்க”ன்னேன். “தெரியலம்மா”ன்னா. படிக்கிற பிள்ளை மெலியத்தானே செய்யும்? தெம்புக்கு ஆகும்னு கடையில குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி, காலையில ஒரு டம்ளர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் கரைச்சுக் கொடுத்தேன். அதை மட்டும் எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்னு விட்டிருந்தேன்.

நீங்க ஏன் பேனாவை மூடிட்டீங்க? எழுதுங்க டீச்சர், நான் பேசிக்கிட்டு வாரேன்.

மூணாம் திருப்புதல் பங்குனியில. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அந்தப் பாடம் வந்துச்சு. சக்கரை வியாதி. அஞ்சு மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்னு மெர்சி டீச்சரு பெட்டி போட்டுக் கொடுத்திருந்தாங்க. அதுல மூணு பேரு இருக்கு பாருங்க, பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிபேஜியான்னு. அது அவளுக்கு நிக்கவே இல்ல. நான்தான் ஒரு வழி சொன்னேன். ‘பாலு, யூரியா’ன்னு ஞாபகம் வச்சுக்கடி, மாட்டுக்குப் பாலு, வயலுக்கு யூரியான்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ சிரிச்சுக்கிட்டே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. நிக்க முடியல போல. அப்புறம் உக்காந்தபடியே கடகடன்னு ஒப்பிச்சா. அடிக்கடி ஒண்ணுக்குப் போறது பாலியூரியா. தாகம் அடங்காம இருக்கிறது பாலிடிப்சியா. ஓயாமப் பசிக்கிறது பாலிபேஜியா. உடம்பு இளைக்கிறது, அசதி. ஒரு எழுத்துப் பிசகல. நான் டிக் போட்டுக்கிட்டே போறேன்.

முடிச்சுட்டு, “அம்மா”ன்னா.

“என்னடி?”

“இதெல்லாம் எனக்கு இருக்கும்மா.”

நான் மெஷினை நிறுத்தல டீச்சர். அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன். “போன வாரம் புத்துநோய் படிச்சிட்டுக் கழுத்துல கட்டி இருக்கான்னு தடவிப் பார்த்த. அதுக்கு முந்தி மூளைக் காய்ச்சல். புத்தகத்துல இருக்கிற நோயெல்லாம் உனக்கு வருமா? சக்கரை கெழடு கட்டைகளுக்கு வர்றதுடி. அடுத்த கேள்வி சொல்லு”ன்னேன்.

அவ என்னையப் பார்த்தா. அப்புறம் அடுத்த கேள்வியைச் சொன்னா.

இதுல என் தப்பு எவ்வளவு, சொல்லுங்க? பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க இருந்தா, அங்க யாராச்சும் பார்த்தாங்களா? அவ அப்பாகிட்ட போன்ல சொன்னேன், புள்ள மெலிஞ்சிருக்கான்னு. அவரு, “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு”ன்னாரு. நான் சுத்தியும் போட்டேன். நான் ஒண்ணும் செய்யாம இல்ல.

மூணாம் திருப்புதல்ல அறிவியல் தொண்ணூத்தி மூணு. பேப்பரைக் கொண்டாந்து மெஷின் மேல வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. நான் அந்தப் பேப்பரை அஞ்சாறு வீட்டுல கொண்டு போய்க் காட்டிட்டு வந்தேன்.

பெரிய பரீட்சை தொடங்குச்சு. தமிழ், இங்கிலீஸு, கணக்கு எல்லாம் எழுதிட்டா. அறிவியலுக்கு முந்தின நாள் வாந்தி. பரீட்சைப் பயம்னு நினைச்சேன். மருந்துக் கடையில மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துல உக்காந்தா வாயில ஒரு வாசம், அழுகுன பழ வாசம். “எங்கடி கொய்யாப்பழம் தின்ன?”ன்னு கேட்டேன். மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆழமா வருது.

மறுநாள் காலையில எழுப்புறேன், எந்திரிக்கல. கண்ணு திறக்குது, பார்வை நிக்கல. பேச்சு குழறுது. பக்கத்து வீட்டு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஹால் டிக்கெட்டையும் பரீட்சை அட்டையையும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். ஒரு ஊசி போட்டா எந்திரிச்சு உக்காந்திருவா, அப்படியே பரீட்சைக்குக் கொண்டு போய் விட்டுறலாம்னு.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. விரல்ல குத்தி ஒரு மெஷின்ல ரத்தத்தை வச்சாங்க. வச்சுட்டு நர்சைப் பார்த்தாங்க. நர்சு, “அளவே காட்டல மேடம், அவ்வளவு மேல இருக்கு”ன்னாங்க.

“எத்தனை நாளாத் தண்ணி தண்ணின்னு கேக்குறா?”ன்னு டாக்டரம்மா என்கிட்டக் கேட்டாங்க.

நான், “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க”ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்தம்மா என்னைய ஒரு பார்வை பார்த்தாங்க. அவ சுடிதாரைத் தூக்கி வயித்தைப் பார்த்தாங்க, ரெண்டு பக்கமும் நான் பிடிச்ச தையல் மடிப்பு தெரியுது. அதுக்கப்புறம்தான், “ஒரு ரெண்டு மாசமா இருக்கும்”ன்னு சொன்னேன். உடனே நூத்தி எட்டுல ஏத்தி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. வண்டியில ஏறையில கூட, “மேடம், பத்து மணிக்குப் பரீட்சை”ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பல.

அஞ்சு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. பையில அறிவியல் புத்தகம் இருந்துச்சு. எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டுனேன். முதல் தடவையா எழுத்தைப் பார்க்காம அர்த்தத்தைப் பார்த்துப் படிச்சேன். அதுல இருக்கு டீச்சர். இந்த வியாதியில ஒரு வகை சின்ன வயசுலயே வரும்னு இருக்கு. அந்த வரிக்குப் பக்கத்துல என் கையால போட்ட டிக் இருக்கு. கெழடு கட்டைகளுக்கு வர்றதுன்னு நான் அவகிட்டச் சொல்லையில என் விரலு அந்தப் பக்கத்துலதான் இருந்திருக்கு.

பிழைச்சுட்டா. சாமி புண்ணியம், அந்த டாக்டருங்க புண்ணியம். ஆனா ஆயுசுக்கும் ஊசி. ஒரு நாளைக்கு நாலு ஊசி, சாப்பாட்டுக்கு முந்தி. கண்ணு முழிச்சதும் அவ கேட்டது, “இன்னைக்கு என்ன கிழமை?” சொன்னேன். “ம்”னுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அழுதாக்கூடத் தேவலையா இருந்திருக்கும்.

ஊருல நான் மஞ்சக்காமாலைன்னு சொன்னேன். பொம்பளைப் பிள்ளை டீச்சர், நாளைக்கு ஒருத்தன் கட்டணும்ல? இந்த வயசுல சக்கரைன்னு ஊருக்குத் தெரிஞ்சா யாரு வருவா? அவளையும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னேன். யாராவது வீட்டுல இருந்தா குளிக்கிற அறைக்குள்ள போய் ஊசி போட்டுக்குவா. விசேச வீட்டுல லட்டு வச்சா ஒரு வாய் தின்னுடி, தின்னலைன்னா ஏன்னு கேப்பாங்கம்பேன்.

ஆனியில என் நாத்தனா செல்வராணி வீட்டுல காதுகுத்து. தேனியில மண்டபம். “அந்த ஊசிப் பையை எடுத்துட்டு வராத, ஒரு வேளைதானே, வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்”னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். சரின்னுதான் தலையாட்டுனா. பந்தியில சொந்தபந்தம் அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. இலையில சோறு விழுந்துச்சு. இவ இடுப்புல இருந்து அந்தப் பையை எடுத்தா. ஊசியில மருந்தை ஏத்தி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அளவு பார்த்தா. சுடிதாரை லேசா ஒதுக்கி வயித்துல போட்டா. அத்தனை பேரும் சோத்துல கையை வச்சுக்கிட்டுப் பார்க்குறாங்க.

செல்வராணி ஓடி வந்து, “என்ன தாயி இது?”ன்னா.

“சக்கரை அத்தை. வகை ஒண்ணு. இன்சுலின் சுரக்கல, அதனால வெளியில இருந்து போட்டுக்கிறேன். ஒட்டிக்கிறதெல்லாம் இல்ல”ன்னா. பாடம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னா, அதே குரல்.

நான் அவ கையைப் பிடிச்சு இழுத்து, “என்னடி பண்ற?”ன்னேன். அவ கையை உருவிக்கிட்டா. சத்தமே போடல. “நான் ஒருக்கா உன்கிட்டச் சொன்னேம்மா. நீ அடுத்த கேள்விக்குப் போயிட்ட”ன்னா. சொல்லிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சுட்டா.

அன்னைக்கு எங்கூடத் திரும்பி வரல. செல்வராணிதான், “இங்க இருக்கட்டும் மதினி, பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு”ன்னா. அவளுக்கு என்ன, நல்ல பேரு வாங்கிக்கிட்டா. அங்க இருந்தே துணைத்தேர்வுக்குப் படிச்சா. நான் ஒரு வாரம் தையலை நிறுத்திட்டு வந்து புத்தகம் பிடிக்கவான்னு போன்ல கேட்டேன். “வேணாம், நானே படிச்சுக்கிறேன்”ன்னா. அறிவியல்ல எழுபத்தாறு எடுத்தா. நான் பிடிச்சிருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும். இப்ப பதினொண்ணாப்பு, கணக்குப் பதிவியல்.

சீக்கிரம் வந்துருச்சே, எழுமலை விலக்கு தாண்டிட்டோம் போல.

மதுரையில மாசா மாசம் மருந்து கொடுப்பாங்க. நோட்டுல அம்மான்னு என் பேருதான் இருக்கு, அதனால நான்தான் வாங்கணும். ஐஸ் போட்டு எடுத்துக்கிட்டு நேரா தேனி. வாசல்லயே வாங்கிக்குவா. வாங்குனதும் பாட்டில்ல தேதி பார்ப்பா, எண்ணிப் பார்ப்பா. “சாப்பிட்டியா?”ன்னு கேப்பா. அதெல்லாம் கேப்பா. மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு மாசத்துக்கு முந்தி நான், “எதையாச்சும் ஒண்ணு ஒப்பிச்சுக் காட்டேன்டி, கேட்டு ரொம்ப நாளாச்சு”ன்னேன். “இதுல ஒப்பிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் போட்டுப் பார்க்குறதுதான்”ன்னா. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா. எனக்கு நேரம் இருந்துச்சு.

இந்தா, ஆண்டிபட்டி வந்துருச்சு. மெதுவா எந்திரிங்க டீச்சர், பேப்பரு சரியப் போகுது. இருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா டாக்டரு அவளையும் கூட்டிட்டு வரச் சொல்லுவாரு. போன மாசம் வந்திருந்தா. எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா, தோளு ஒட்டுற மாதிரி. எல்லாத்தையும் பார்த்துட்டு டாக்டரு சொன்னாரு, “சுகர் நல்லாக் கட்டுக்குள்ள இருக்கும்மா. இன்னும் ரெண்டு வருசம், பதினெட்டு ஆயிட்டா நோட்டை உன் பேருலயே மாத்திக்கலாம். நீயே வந்து மருந்து வாங்கிக்கலாம், அம்மா அலைய வேண்டியதில்லை.”

அவ என் பக்கம் திரும்பிச் சிரிச்சா டீச்சர். எத்தனை மாசத்துக்கு அப்புறம்! நானும் சிரிச்சேன்.